ஊருக்குப் போயிருந்த மாதங்கள்

வக்கீல் கமாலுதீனின் அலுவலகம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழேயிருந்து மீன்தலைக் குழம்பின் வாசனை படியேறி வந்து கோப்புகளுக்கிடையே தங்கிவிட்டிருந்தது. யோகலட்சுமி கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன வயசு தங்கச்சி?"

"ஒம்பது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏழுக்குள்ள இருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். சட்டமே தாய் பக்கம் சாயும். ஒம்பதுன்னா அப்படி இல்லலா. யாருகிட்ட இருந்தா பிள்ளைக்கு நல்லதுன்னு கோர்ட் பழசு எல்லாத்தையும் கிளறும்."

கிளறும் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்தாள்.

"நேத்து அவங்க வக்கீல் போன்ல பேசினாரு," என்றார் கமாலுதீன். "உங்க வீட்டுக்காரரு வாயே தொறக்கறதில்லையாம். எல்லாம் அவரோட அக்காதான் சொல்லுதாம். பிள்ளைக்கு முப்பத்தொண்ணாம் நாள் தீட்டு கழிஞ்ச கையோட விட்டுட்டு யாழ்ப்பாணம் போயிட்டீங்களாம். மாசக்கணக்கா திரும்பிப் பாக்கலையாம். நெசமா?"

யோகலட்சுமி தலையை அசைத்தாள். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் அசைவு.

"பாஸ்போர்ட் இருக்கா? எப்பப் போனீங்க, எப்ப வந்தீங்கன்னு முத்திரை இருக்குமே."

"தொலைஞ்சிருச்சு சார்."

கமாலுதீன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பள்ளிவாசல் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்தார். பொய்யை அடையாளம் கண்டுகொண்டு, அதைத் தொடாமல் தள்ளி வைப்பதில் அவருக்குப் பழக்கம் இருந்தது.

"சரி. நான் சொல்றதைக் கேளுங்க. விவாகரத்து வேணும்னு ஒருத்தர் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சமரசக் குழு முன்னால உட்காரணும். புதுச் சட்டம். எல்லாரும் என்ன செய்றாங்க? சும்மா போயி தலையாட்டிட்டு, 'சேர முடியாது'ன்னு எழுதி வாங்கிட்டு வந்து, கோர்ட்ல ஆளுக்கு ஒரு வக்கீலை வச்சிக்கிட்டு அடிச்சிக்கிறாங்க. ரெண்டு வருசம் ஓடும். இருக்கிறதெல்லாம் எங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் வரும்." அவர் சிரித்தார். "நீங்க அப்படிச் செய்யாதீங்க. அந்த அறையிலயே பிள்ளை விசயத்தைப் பேசி முடிச்சிட்டு வாங்க. முடிஞ்சிருச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மனு. ஜட்ஜ் கொஞ்சம் கேள்வி கேப்பாரு, அவ்வளவுதான். சத்தியம் பண்ணி கூண்டுல ஏற வேண்டியதில்ல. யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நீங்க வருவீங்களா?"

"வக்கீலுக்கு அங்க இடமில்ல. குடும்பத்து ஆளு வேணும்னா பேசலாம். உங்க பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"

அவள் பக்கம் யாரும் இல்லை. அம்மா இறந்து நான்கு வருடமாகிவிட்டது.

"அவங்க பக்கம் அந்த அக்கா வரும்," என்றார் கமாலுதீன். "அதை நினைச்சிக்கிட்டுப் போங்க."

*

யோகலட்சுமி பினாங்கில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

வள்ளி பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுக் கழித்து, சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துப் பலகாரம் கொடுத்தார்கள். அன்று இரவிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் அழுகை கேட்டது. பால்புட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று தோன்றியது; யாரையும் பிள்ளைக்குப் பக்கத்தில் விடவில்லை. ஒரு மத்தியானம் கெலுகோர் கடலோரத்தில், முழங்கால் தண்ணீரில், பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றவளை அவள் கணவன் பரமநாதன் கண்டுபிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தான். எதற்காக அங்கே போனாள் என்பது அன்றும் அவளுக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தண்ணீர் சூடாக இருந்தது மட்டும் நினைவிருந்தது.

மறுநாள் பரமநாதனும் அவள் அம்மாவும் அவளைக் காரில் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோனார்கள்.

அது ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர். அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால் மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் வாயில் வந்தாலும் அந்தப் பெயருக்கு நாடு முழுக்க ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதற்கும் அந்தப் பெயர்தான். "உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்."

அங்கே அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சில மாதங்களில் தேறிவிட்டாள். ஆனால் அவள் அம்மா போகும் வழியிலேயே, காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தார். யோகம் ஊருக்குப் போயிருக்கிறாள். சாவகச்சேரியில் பெரியம்மாவுக்குச் சுகமில்லை. பினாங்கின் யாழ்ப்பாணக் குடும்பங்களில் சொல்ல முடியாததற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தை இருந்தது. கடன்பட்டவன் ஊருக்குப் போவான். கல்யாணம் நின்றுபோன பெண் ஊருக்குப் போவாள். ஊர் தூரத்தில் இருந்தது. யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதில்லை.

இந்த உண்மை மூன்று பேருக்குத்தான் தெரியும். பிள்ளையை வளர்க்கத் தன் வீட்டுக்குக் கொண்டுபோன பரமநாதனின் அக்கா கமலாம்பிகைக்குக்கூடச் சொல்லவில்லை. மகள் திரும்பி வந்த வாரம் அம்மா எங்கேயோ ஒரு கடையில் பனங்கட்டியும், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் தேடி வாங்கி, ஊரிலிருந்து யோகம் கொண்டுவந்தது என்று வீடு வீடாகக் கொடுத்தார். மருந்தினால் அவள் உடம்பு ஊதியிருந்தது. "ஊர்ச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிட்டுது போல," என்று எல்லாரும் சிரித்தார்கள். கமலாம்பிகை சிரிக்கவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் போர்வையின் நுனியை உடனே விடாமல் பிடித்திருந்ததை யோகலட்சுமி பார்த்தாள்.

அதன் பிறகு பரமநாதன் அவளைக் கவனிக்கிற ஆளாகிவிட்டான். குளியலறைக் கதவுக்கு வெளியே அவன் காலடி நிற்கும். அவள் கத்தியை எடுத்துக் காய் நறுக்கும்போது பேப்பரின் மேல்விளிம்புக்கு மேலே அவன் கண் தெரியும். கவனிக்கக் கவனிக்கப் பேச்சு குறைந்தது. கடைசி இரண்டு வருடங்களாக வீட்டில் அவர்களுக்கு நடுவில் வள்ளிதான் வாய். "அம்மா, அப்பா நாளைக்கு சீக்கிரம் போகணுமாம்." "அப்பா, அம்மா பசாருக்குப் போறாங்களாம்." பிள்ளை இரண்டு பேரின் குரலிலும் பேசக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் யோகலட்சுமி, அவன் முகத்தைப் பார்க்காமல், போதும் என்றாள். அவன் எதுவும் சொல்லாமல் உடுப்புகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். பிறை என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் அவனுக்குச் சரக்கறை அதிகாரி வேலை. அங்கிருந்து இப்போது நேராக அக்கா வீட்டுக்குத்தான் போகிறான்.

கமலாம்பிகைக்குப் பிள்ளை வேண்டும். அதற்கு அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த யாழ்ப்பாணப் பயணம்தான்.

தான் வேலை செய்யும் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும்போதெல்லாம் யோகலட்சுமி இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். போனேன் என்று சொன்னால், பச்சைப் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவள். போகவில்லை என்று சொன்னால், பைத்தியக்காரி. இரண்டில் எதைச் சொன்னாலும் பிள்ளை போய்விடும். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயமும் கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பயமே பழைய நோயின் தொடக்கமாக இருந்தால்? சரியாகத் தூங்காத ஒவ்வொரு காலையிலும் எழுந்து, தான் தானாகத்தான் இருக்கிறோமா என்று கண்ணாடியில் பார்த்தாள்.

*

சமரசக் குழு கூடும் நாளன்று பள்ளிக்கூட விடுமுறை; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. வள்ளியைக் கமலாம்பிகையின் வீட்டில், அவள் வீட்டு வேலைக்கு வரும் லெட்சுமி அக்காவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் வந்திருந்தார்கள். பரமநாதனும் அக்காவும் காரில், யோகலட்சுமி பஸ்ஸில்.

அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் நீளமான அறை. மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவி தெரேசா. கான்வென்ட் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வலப்பக்கம் பதிவு இலாகாவிலிருந்து வந்த ரோஹானா என்ற இளம் மலாய் அதிகாரி, குறிப்பெடுக்க. இடப்பக்கம் ஒரு வயதான சீனர். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. எல்லாரையும் பார்த்துப் பொதுவாகப் புன்னகை செய்துகொண்டு, மிட்டாய்த்தாளைச் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்லயே பேசலாம்," என்றார் தெரேசா. "முக்கியமானதை இவங்களுக்கு நான் மலாய்ல சொல்லிடுவேன். இங்க பேசறது கோர்ட்டுக்குப் போகாது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது. சத்தம் போட்டா வெளியே அனுப்பிடுவேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைங்களை வெளியே அனுப்பினவ நான், பெரியவங்களை அனுப்ப யோசிக்க மாட்டேன்."

கமலாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தாள். தபால் இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பச்சைக்கரை போட்ட வெள்ளைச் சேலையும் நெற்றியில் திருநீறுமாக வந்திருந்தாள்.

"தம்பிக்காக நான் பேசுறன் டீச்சர். அவன் பேசமாட்டான்."

"பேசமாட்டாரா, பேச முடியாதா?"

"ரெண்டும் ஒண்டுதான்," என்றாள் கமலாம்பிகை.

தெரேசா பரமநாதனைப் பார்த்தார். அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்பச் சேர்ந்து வாழ ஏதாவது வழி இருக்கான்னு கேக்கிறது என் கடமை."

"இல்ல டீச்சர்," என்றாள் யோகலட்சுமி. பரமநாதனும் தலையை ஆட்டினான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒரே மாதிரி இருந்தார்கள்.

"அப்ப பிள்ளை?"

கமலாம்பிகை இதற்காகத்தான் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் யோகலட்சுமியை அதிகம் பயமுறுத்தியது.

"பிள்ளையை நான்தான் வளர்த்தனான். முப்பத்தொண்டு முடிஞ்சு மூண்டு கிழமை இல்லை, இவ எழும்பி ஊருக்குப் போயிட்டா. எந்தத் தாய் போவா? டின் பால் ஒத்துக்காம பிள்ளை வயித்தாலை போயி, நான் தோளிலை போட்டுக்கொண்டு டாக்டரிட்ட ஓடினன். அப்ப இவ அங்க பெரியம்மா வீட்டிலை மாம்பழம் திண்டுகொண்டு இருந்தா. திரும்பி வந்தப்ப எப்படி வந்தா தெரியுமா? உடம்பு வைச்சு, ரெண்டு மடங்கா! எனக்குப் பனங்கட்டி குடுத்தவை. நான் அதையும் திண்டன், டீச்சர். என்ன செய்யிறது, சொந்தம்." அவள் யோகலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "கேக்கிறன் பிள்ளை, இத்தனை வருசம் கேக்காததை இப்ப கேக்கிறன். ஏன் போனனீ?"

ரோஹானாவின் பேனா நின்றது. யாராவது மொழிபெயர்ப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

யோகலட்சுமி பரமநாதனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். அவன் வாயிலிருந்து வந்தால் அது ஒரு கணவன் தன் மனைவியின் நோயைச் சொன்னதாக இருக்கும். அவள் வாயிலிருந்து வந்தால் அவளே தன் கழுத்தில் போட்டுக்கொள்ளும் கயிறாக இருக்கும். அவன் நிமிரவில்லை. அவன் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

அவளுக்கு மூச்சு சரியாக இறங்கவில்லை. காற்றாடியின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இதோ வருகிறது என்று நினைத்தாள். எல்லார் முன்னாலும், இங்கேயே.

"கொஞ்சம் வெளியே வாங்க," என்று தெரேசா எழுந்தார்.

தாழ்வாரத்தில் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கீழே தெருவில் லாரிகள் படகுத்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு மூச்சு திரும்பும்வரை தெரேசாவும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட வேற பதில் இருக்கு," என்றார் கடைசியில். "நான் அதைக் கேக்கல. எங்கிட்ட மட்டும் சொல்றதுன்னாலும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்."

"சொன்னா பிள்ளை போயிடும் டீச்சர்."

"சொல்லலன்னா?"

யோகலட்சுமி தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த படிகளைப் பார்த்தாள்.

"ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. நானும் அந்த ரெண்டு பேரும் இங்க கேட்டதை வெளியே சொல்ல முடியாது. அது எங்க வேலை. ஆனா அந்த அக்கா வாய்க்கு நான் பூட்டுப் போட முடியாதும்மா. பொய் சொல்லி உங்களை உள்ள கூட்டிட்டுப் போக விரும்பல."

இதைவிட ஆறுதலாக யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் யோகலட்சுமி ஒருவேளை படியிறங்கிப் போயிருப்பாள். அவளுக்கு ஆறுதல் சொல்கிற முகங்களைக் கண்டால்தான் பயம். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா ஆறுதல்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் இன்னொரு முறை பரமநாதனுக்குப் பேச இடம் கொடுத்தாள். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. அவன் அவளைக் கைவிடவில்லை. சொல்லமாட்டேன் என்று அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். பிள்ளையே போனாலும் காப்பாற்றுவான். அப்படிப்பட்ட ஆள்தான் அவன்.

"மச்சாள்," என்று கமலாம்பிகையை அழைத்தாள். குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. "நான் ஊருக்குப் போகல. எனக்கு ஊரே தெரியாது. நான் தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தேன்."

சீனரின் கையில் மிட்டாய்த்தாள் அப்படியே நின்றது. ரோஹானா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர்கள் இருவரும் காலையிலிருந்து கேட்ட தமிழில் அந்த ஒரு பெயர் மட்டும்தான் அவர்களுக்குப் புரிந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. அவர்கள் முகத்தில் வந்த மாற்றத்தை யோகலட்சுமி பார்த்தாள். உடனே ரோஹானா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், பேனாவை எடுக்கவில்லை.

கமலாம்பிகை மட்டும் ஒன்றும் புரியாதவள்போல இருந்தாள். "எங்க?"

"பிள்ளை பொறந்து எனக்குப் புத்தி சரியில்லாம போச்சு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கடல்ல இறங்கிட்டேன். இவரு... இவருதான் வந்து தூக்கினாரு. அப்புறம் அங்க கொண்டு போனாங்க. மருந்துலதான் உடம்பு வச்சது. பனங்கட்டி அம்மா கடையில வாங்கினது."

"தம்பி?" என்றாள் கமலாம்பிகை.

பரமநாதன் மேசை விளிம்பிலிருந்து கண்ணை எடுத்தான். அவன் பேசத் தொடங்கியபோது குரல் துருப்பிடித்திருந்தது.

"சொல்லமாட்டேன்னு இவங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க அக்கா."

"எனக்குமா? பிள்ளையை என் கையில குடுத்திட்டு எனக்குமா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா."

கமலாம்பிகையின் முகம் வெளுத்தது. யோகலட்சுமி எதிர்பார்த்திருந்த வெறுப்பு அதில் இல்லை. அதைவிட மோசமாக ஏதோ இருந்தது. ஒன்பது வருடமாக ஒருத்தியை வெறுத்து, அந்த வெறுப்பின் பலத்திலேயே நின்றுகொண்டிருந்தவளின் காலடியிலிருந்து தரையை இழுத்தாயிற்று.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தெரேசா பரமநாதனிடம் கேட்டார். "பிள்ளை இவங்ககிட்ட இருக்கலாமா?"

"நான் பேசாம இருந்தது கோவத்துல இல்ல டீச்சர்." அவன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தான். "பயம். நான் ஏதாவது சொல்லி, அதுல இவளுக்குத் திரும்ப வந்திருச்சுன்னா? ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி பத்து வாட்டி யோசிப்பேன். அப்புறம் சொல்லவே மாட்டேன். அப்படியே பழகிப்போச்சு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த யோகலட்சுமியை அவன் பார்த்தான். "பிள்ளை இவகிட்டயே இருக்கட்டும். சனி ஞாயிறு நான் கூட்டிட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணுதான். திரும்ப வர்ற மாதிரி இருந்தா எனக்குச் சொல்லணும். ஊருக்குப் போறேன்னு சொல்லக்கூடாது."

"சொல்றேன்," என்றாள் அவள்.

இரண்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான்.

தெரேசா அதை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். இருவரும் ஒத்துக்கொண்ட விஷயங்கள்: வீடு, பிள்ளை, சனி ஞாயிறு. மனுவை இனி வக்கீல்கள் சேர்த்து எழுதுவார்கள். அவர் வரி வரியாகப் படித்து, ரோஹானாவுக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தபோது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கமலாம்பிகை எழுந்து, யாரிடமும் சொல்லாமல், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

யோகலட்சுமிக்கு அது உடனே உறைக்கவில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. வள்ளி அந்த வீட்டில் இருக்கிறாள்.

*

படிகளில் அவள் ஓடினாள். கீழே டாக்சி நிற்கும் இடம் காலியாக இருந்தது. அங்கிருந்த சீனக் கிழவர் ஒருவர், வெள்ளைச் சேலை அம்மா இப்போதுதான் ஏறிப்போனார் என்று கையைக் காட்டினார். பின்னால் பரமநாதனின் காலடி.

"காடில ஏறு," என்று காரின் கதவைத் திறந்தான்.

ஜெலுத்தோங் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. கார்க் கண்ணாடி வழியே வெயில் மடியில் விழுந்தது. அவள் மனதில் கமலாம்பிகையின் வாய் திறந்து திறந்து மூடியது. உன் அம்மா யாரு தெரியுமா பிள்ளை? உன்னைக் கடல்ல தூக்கிட்டுப் போனவ. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வார்கள்? ஒரு முறை சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. இனி வள்ளி குளிக்கப் போகும்போதும், கடற்கரைக்குப் போகும்போதும், தன் கையைப் பிடிக்கும்போதும், பரமநாதனின் அந்தப் பார்வை பிள்ளையின் கண்ணில் வந்துவிடும். பிள்ளையைத் தாளில் எழுதி வாங்கியாயிற்று. பிள்ளை அவளைப் பார்த்துப் பயந்தால் அந்தத் தாளை வைத்து என்ன செய்வது?

"அக்கா சொல்ல மாட்டாங்க," என்றான் பரமநாதன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் யோசித்தான். "தெரியாதுதான்," என்றான்.

கெலுகோரில் அந்த வீட்டு வாசலில் டாக்சி இல்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தில் லெட்சுமி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வள்ளி தரையில் குப்புறப் படுத்து வண்ணப் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தாற்போல் வந்து நிற்பதைப் பார்த்து, அதில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடுவதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமி எங்க?" என்றாள் யோகலட்சுமி.

"கிச்சன்ல. வந்ததுலேர்ந்து எங்கிட்ட பேசவே இல்ல. நான் ஒண்ணும் பண்ணல."

யோகலட்சுமி சமையலறைக்குப் போனாள். கமலாம்பிகை அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கையில் வெறும் கெண்டி.

"மச்சாள்."

"நான் சொல்லேல்லை," என்றாள் கமலாம்பிகை திரும்பாமல். "வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை வந்து கையைப் பிடிச்சுது. சொல்லேல்லை."

யோகலட்சுமி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் சொல்லமாட்டன் எண்டு நினைக்காதை. எனக்கு என்னைத் தெரியும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள், உன்மேல கோவம் வரேக்கை, கோயில்லயோ, பிள்ளைக்கு முன்னாலயோ, வந்திடும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயில்ல உன்னைப் பற்றி நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறன் தெரியுமா? அதையெல்லாம் நான் இப்ப எங்க கொண்டு போய் வைக்கிறது?" அவள் கெண்டியை அடுப்பின்மேல் வைத்தாள், அது சரியாக உட்காரவில்லை, சாய்ந்து நின்றது. "போ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. என்னைப் பாக்காதை."

கமலாம்பிகை பொய் சொல்லவில்லை என்பது யோகலட்சுமிக்குத் தெரிந்தது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வள்ளி இந்த வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அவள் திரும்பி வரும்போது யோகலட்சுமி வாசலில் நின்று அவள் முகத்தைப் படிப்பாள்: சொல்லிவிட்டார்களா, இல்லையா. வருடக்கணக்கில். அந்தப் பயத்தோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதை அவள் யோசித்துப் பார்க்க வேண்டியதில்லை. அதோடுதான் இத்தனை காலம் வாழ்ந்திருந்தாள்.

வள்ளி பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். யோகலட்சுமி முன்னால் உட்காராமல் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பரமநாதன் சாவியைப் போட்டான்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

அவன் பின்கண்ணாடியில் பார்த்தான். என்ன செய்யப்போகிறாள் என்பது புரிந்ததும் அவன் முகம் மாறியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பிள்ளையின் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தாள். பிடிக்கவில்லை. இதைக் கேட்ட பிறகு பிள்ளைக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால், அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

"வள்ளி. நீ பொறந்தப்ப அம்மா ஊருக்குப் போயிருந்தேன்னு மாமி சொல்வாங்க இல்ல?"

"ஆமா. சாவகச்சேரி."

"அம்மா அங்க போகல."

வள்ளி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். எப்போதும்போல ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமோ என்று காத்திருந்தாள்.

"அப்பாவும் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு," என்றாள் யோகலட்சுமி. "நீ சும்மா கேளு."

மேற்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லத் தொடங்கினாள்.